ரோமானியக் கோட்டையின் குப்பையில் கிடைத்த கடிதங்கள்: விண்டோலாண்டா பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு படைப்பிரிவில் மொத்தம் 752 பேர். ஆனால் முகாமில் இருப்பது 296 பேர்தான். மற்ற 456 பேரை வேறு வேறு வேலைகளுக்கு வெளியே அனுப்பியிருக்கிறார்கள். முகாமில் இருப்பவர்களிலும் 15 பேருக்கு உடம்பு சரியில்லை, 6 பேருக்குக் காயம், 10 பேருக்குக் கண் நோய். கழித்துப் பார்த்தால் சண்டைக்குத் தயாராக இருப்பவர்கள் 265 பேர்.

தேசிய சேவை செய்த யாரிடமாவது இதைக் காட்டுங்கள். "ஆமா, எங்க முகாம்லயும் இப்படித்தான் கணக்கு எடுப்பாங்க" என்பார்கள். ஆனால் இந்தக் கணக்கு எழுதப்பட்டு 1,900 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எழுதியது ரோமானிய ராணுவம். எழுதிய தேதி மே 18. எழுதப்பட்டது காகிதத்திலோ கல்லிலோ இல்லை, மரத்தைச் சீவி எடுத்த மெல்லிய தகட்டில்.

மரம் அத்தனை ஆண்டு மண்ணுக்குள் எப்படித் தாங்கியது? அதுதான் விண்டோலாண்டாவின் கதை.

எங்கே இருக்கிறது இந்தக் கோட்டை?

இங்கிலாந்தின் வடக்கே, நார்தம்பர்லாந்து வட்டாரத்தில். பச்சைப் புல்வெளி, ஆடுகள், விடாத மழை, எலும்பைத் துளைக்கும் காற்று. ரோமப் பேரரசின் வடமேற்கு விளிம்பு இதுதான்.

இந்தப் பகுதி என்றாலே பலருக்கு ஹேட்ரியன் சுவர் நினைவுக்கு வரும். கி.பி. 122இல் கட்டத் தொடங்கிய அந்தச் சுவர் கிட்டத்தட்ட 118 கிலோமீட்டர் நீளம். விண்டோலாண்டா சுவருக்குத் தெற்கே ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. சுவரைக் காக்கத்தான் கோட்டை கட்டினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கோட்டைக்குத்தான் வயது அதிகம். கி.பி. 85 வாக்கிலேயே இங்கே முதல் கோட்டை எழும்பிவிட்டது.

'முதல் கோட்டை' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறைந்தது ஒன்பது கோட்டைகள் கட்டப்பட்டன. முதலில் வந்தவை மரக் கோட்டைகள், பிறகு வந்தவை கல் கோட்டைகள். இன்றைக்கு அங்கே போனால் கண்ணில் படும் கற்சுவர்கள் பெரும்பாலும் மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கடிதங்கள் கிடைத்தது அவற்றுக்கு அடியில் புதைந்துபோன மரக் கோட்டைகளில்.

இன்னொரு விஷயம். 'ரோமானிய வீரர்கள்' என்று சொல்கிறோமே, அவர்களில் ரோம் நகரத்தைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. மேலே சொன்ன கணக்கு துங்ரியர் படைப்பிரிவுடையது. அவர்கள் இன்றைய பெல்ஜியம் பகுதி மக்கள். அவர்களுக்குப் பிறகு வந்த பட்டாவியர் இன்றைய நெதர்லாந்துக்காரர்கள். பேரரசு தான் வென்ற ஊர்களிலேயே ஆள் எடுத்து, அவர்களை வேறு ஊருக்குக் காவலுக்கு அனுப்பியது. 25 ஆண்டு பணி முடித்தால் குடியுரிமை கிடைக்கும்.

மரம் ஏன் மக்கவில்லை?

மரம், தோல், துணி இவற்றை மண்ணில் புதைத்தால் நுண்ணுயிர்கள் தின்றுவிடும். அந்த நுண்ணுயிர்களுக்கு உயிர்வளி வேண்டும். அது கிடைக்காவிட்டால் அவற்றால் வேலை செய்ய முடியாது.

விண்டோலாண்டாவில் நடந்தது இதுதான். ஒரு படை கிளம்பும், அடுத்த படை வரும். வந்தவர்கள் பழைய மரக் கட்டடங்களை இடித்து, அதன்மேல் களிமண்ணையும் புல்கட்டிகளையும் கொட்டி, சமப்படுத்திவிட்டுப் புதிதாகக் கட்டுவார்கள். ஈரக் களிமண் மூடி போட்டதுபோல் அடைத்துக்கொண்டது. காற்று போகவில்லை, ஈரம் காயவில்லை. சில இடங்களில் இந்த அடுக்குகள் நான்கு மீட்டர் ஆழம் வரை போகின்றன.

சுத்தத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ரோமானியர்கள் என்றால் குளியல்கூடமும் பளிங்குத் தரையும்தான் நம் மனதில் வரும். இங்கே கட்டடங்களின் தரையில் வைக்கோலையும் பெரணிச் செடியையும் பரப்பி வைத்திருந்தார்கள். அழுக்கானால் அள்ளி வெளியே போடுவது கிடையாது. அதன்மேலேயே புதிதாக ஒரு அடுக்கு. உள்ளே எலும்புத் துண்டு, கிழிந்த செருப்பு, ஈக்களின் கூட்டுப்புழுக் கூடுகள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. அன்றைக்கு அங்கே குடியிருந்தவர்களுக்கு அது நாற்றம். இன்றைய ஆய்வாளர்களுக்கோ அது புதையல்.

வடிகால் வெட்டியபோது கிடைத்தது

1929இல் எரிக் பர்லி என்ற தொல்லியலாளர் இந்த நிலத்தை விலைக்கு வாங்கினார். அவருடைய மகன் ராபின் பர்லி 1973இல் இங்கே ஒரு வடிகால் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தார். ஈர மண்ணில் மரச்சீவல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. இரண்டு மெல்லிய தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்துப் பார்த்தார். உள்ளே மையால் எழுதிய எழுத்து!

கொஞ்ச நேரத்தில் எழுத்து மங்கிப்போனது. காற்று பட்டதும் மரம் கறுத்துவிட்டது. நல்லவேளை, நியூகாசல் பல்கலைக்கழகத்தில் அகச்சிவப்புக் கதிர் முறையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். கரியில் செய்த மை அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும், அழுக்கேறிய மரமோ அதைத் திருப்பி அனுப்பும். அதனால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து படத்தில் பளிச்சென்று தெரிந்தது.

தகடுகள் ஒவ்வொன்றும் அஞ்சலட்டை அளவுதான். தடிமன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். பிர்ச், ஆல்டர் போன்ற உள்ளூர் மரங்களைச் சீவிச் செய்தவை. நடுவில் மடித்து, வெளிப்பக்கம் முகவரி எழுதி அனுப்புவார்கள். நம் ஊர் ஓலை செய்த வேலையை அங்கே மரச்சீவல் செய்திருக்கிறது.

இதுவரை 1,700க்கும் மேற்பட்ட தகடுகள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பட்டாவியர் கி.பி. 105 வாக்கில் கிளம்பும்போது தேவையில்லாத பழைய கடிதங்களை ஒரு குவியலாகப் போட்டுத் தீ வைத்திருக்கிறார்கள். தீ முழுசாக எரியவில்லை. மழை பெய்து அணைந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். வட இங்கிலாந்தின் மழையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் இதை நம்பத் தயங்க மாட்டார்கள்.

அப்படி என்ன எழுதியிருந்தார்கள்?

போர்த் திட்டம், ரகசியக் கட்டளை என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இருப்பது அன்றாடம்.

ஒருவருக்கு யாரோ காலுறைகள், இரண்டு சோடி செருப்பு, இரண்டு உள்ளாடைகள் அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியவர் அதைக் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். மாஸ்குலஸ் என்ற குதிரைப்படை அதிகாரி, நாளைக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று தளபதியிடம் கேட்டுவிட்டு, அப்படியே என் ஆட்களுக்கு பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பி வையுங்கள் என்றும் கேட்கிறார். 2017இல் மேலும் 25 தகடுகள் கிடைத்தபோது இதே மாஸ்குலஸ் மறுபடியும் தலைகாட்டினார். இந்த முறை விடுப்பு கேட்டு!

ஆக்டேவியஸ் என்பவரின் கடிதம் எனக்குப் பிடித்த ஒன்று. அவர் தானியமும் தோலும் வாங்கி விற்பவர். தானியத்துக்கு 300 தினாரி முன்பணம் கொடுத்துவிட்டார். உடனே குறைந்தது 500 தினாரி அனுப்பாவிட்டால் அந்தப் பணமும் போய்விடும், தன் மானமும் போய்விடும் என்று கெஞ்சுகிறார். கேட்டரிக் என்ற ஊரில் தோல் காத்திருக்கிறதாம். ஏன் இன்னும் எடுத்து வரவில்லை? சாலை மோசம், மாடுகளையும் குதிரைகளையும் வதைக்க மனசில்லை என்கிறார். இதில் எது நிஜக் காரணம், எது சாக்கு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடிமைகளும் எழுதியிருக்கிறார்கள் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். செவெரஸ் என்ற அடிமை, ஒரு தளபதியின் அடிமையான கேண்டிடஸுக்கு எழுதுகிறார். சாட்டர்னேலியா பண்டிகைச் செலவு பற்றிய பேச்சு. அதில் முள்ளங்கி வாங்குவதும் வருகிறது.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு கடிதம் தனியாக நிற்கிறது. தளபதி செரியாலிஸின் மனைவி பெயர் சுல்பிசியா லெபிடினா. அவருக்கு இன்னொரு அதிகாரியின் மனைவி கிளாடியா செவேரா எழுதுகிறார். செப்டம்பர் 11ஆம் தேதி எனக்குப் பிறந்தநாள், நீ வந்தால்தான் அந்த நாள் இன்னும் இனிமையாக இருக்கும், கட்டாயம் வா என்கிறார். கடிதத்தின் பெரும்பகுதியை ஒரு எழுத்தர் அழகான கையில் எழுதியிருக்கிறார். கடைசியில் மட்டும் எழுத்து மாறுகிறது. கொஞ்சம் தடுமாறும் அந்தக் கையெழுத்து செவேராவுடையது. தோழியைச் 'சகோதரி' என்று அழைத்து, அன்போடு முடிக்கிறார். லத்தீன் மொழியில் ஒரு பெண் தன் கையால் எழுதி நமக்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்துகளில் இது ஒன்று. கி.பி. 100 வாக்கில் எழுதப்பட்டது. ஆண்டுக்கணக்கில் ஆண்கள் நிறைந்த ஒரு ராணுவ முகாமில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் இருந்திருப்பார்கள் அந்த இரண்டு பெண்களும். அந்த நான்கு வரியில் அது தெரிகிறது.

இரண்டு மொழி பேசுகிற உங்களுக்காக ஒரு தகவல். இந்த வீரர்களுக்கு லத்தீன் தாய்மொழி இல்லை. வேலைக்காகக் கற்றுக்கொண்ட மொழி. அதனால் பல கடிதங்களில் இலக்கண லத்தீனுக்கு நடுவே பேச்சு லத்தீன் எட்டிப் பார்க்கிறது. நாம் வாட்ஸ்அப்பில் எழுதும் தமிழ் மாதிரிதான். அந்தக் காலத்தில் மக்கள் உண்மையில் எப்படிப் பேசினார்கள் என்பதைக் கண்டுபிடிக்க மொழியியல் அறிஞர்களுக்கு இந்தப் 'பிழை'கள்தான் கைகொடுக்கின்றன. ஒரு தகட்டில் வர்ஜில் எழுதிய 'ஈனிட்' காவியத்தின் ஒரு வரியை யாரோ பயிற்சிக்காக எழுதிப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் வேறொரு கை சுருக்கமாக ஒரு சொல் எழுதியிருக்கிறது. 'சோம்பலான வேலை' என்ற பொருளில் ஆசிரியர் போட்ட குறிப்பு அது என்று சில அறிஞர்கள் படிக்கிறார்கள். தளபதியின் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமாக இருக்கலாம்.

மிளகு எங்கிருந்து வந்தது?

ஒரு தகட்டில் வீரர்கள் யார் யார் என்னென்ன வாங்கினார்கள் என்ற பட்டியல் இருக்கிறது. அதில் ஒரு வரி: டாப்போவின் மகன் காம்பாக்ஸ், மிளகு, 2 தினாரி.

அந்தக் காலத்தில் ரோமானியர்கள் சாப்பிட்ட கருமிளகு விளைந்தது தென்னிந்தியாவின் மேற்குக் கரையில், அன்றைய சேர நாட்டில். முசிறித் துறைமுகத்தில் கப்பல் ஏறி, பருவக்காற்றைப் பிடித்து அரபிக்கடலைக் கடந்து, செங்கடல் கரையில் உள்ள எகிப்தியத் துறைமுகங்களில் இறங்கும். பிறகு ஒட்டகத்தில் பாலைவனம், படகில் நைல் நதி, மறுபடியும் கப்பல்.

இதற்குச் சான்று இரண்டு பக்கமும் இருக்கிறது. யவனர் தங்கத்தைக் கொடுத்து மிளகு வாங்கிப் போனதை அகநானூறு பேசுகிறது. செங்கடல் துறைமுகமான பெரனீகேயில் ஓர் இந்தியச் சாடிக்குள் ஏழு கிலோவுக்கும் அதிகமான மிளகு அப்படியே கிடைத்தது. அதே கரையில் உள்ள குசைர் அல்-கதீமில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்-பிராமி எழுத்தில் இருக்கின்றன.

சாதாரண வீரருக்கு இது கட்டுப்படியாகுமா? ரோமானிய எழுத்தாளர் பிளினி, கருமிளகு ஒரு பவுண்டு 4 தினாரி என்று எழுதியிருக்கிறார். அந்த விலைக்கே கிடைத்திருந்தால் காம்பாக்ஸ் வாங்கியது அரை பவுண்டு. அன்றைய லீஜன் படைவீரருக்கு ஆண்டுக்கு 300 தினாரி சம்பளம். அப்படிப் பார்த்தால் இரண்டு நாள் சம்பளத்துக்கு மேல். காம்பாக்ஸ் துணைப்படைக்காரர், அவருக்கு அதைவிட அதிகம் கிடைத்திருக்காது. ஆனாலும் வாங்கியிருக்கிறார். அந்தக் குளிரில் வேறு என்ன செய்வார்?

வீரர்கள் மட்டுமா இருந்தார்கள்?

ராணுவ வீரர்கள் சட்டப்படி திருமணம் செய்யக்கூடாது என்ற விதி இரண்டாம் நூற்றாண்டின் கடைசி வரை இருந்தது. தளபதிக்கு மட்டும் குடும்பத்தை அழைத்துவர அனுமதி. அதனால் கோட்டைக்குள் ஆண்கள் மட்டும்தான் வாழ்ந்தார்கள் என்று நீண்ட காலம் பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன.

அதை மாற்றியது செருப்பு.

விண்டோலாண்டாவில் 5,000க்கும் அதிகமான தோல் காலணிகள் கிடைத்திருக்கின்றன. 2016இல் ஒரே பள்ளத்தில் 421. அவற்றை அளந்து பார்த்தால் பெண்களுடையது, சிறுவர்களுடையது, இன்னும் நடக்கத் தொடங்காத குழந்தையுடையது என்று எல்லாம் இருக்கின்றன. கோட்டைக்கு வெளியே இருந்த குடியிருப்பில் மட்டும் இல்லை, வீரர்கள் தங்கிய கட்டடங்களுக்கு உள்ளேயும் கிடைத்திருக்கின்றன. விதி ஒரு பக்கம், வாழ்க்கை ஒரு பக்கம். 2017இல் ஒரு குதிரைப்படைக் குடியிருப்பில் தோலால் செய்த குத்துச்சண்டைக் கையுறைகளும், ஒரு குழந்தையின் மர விளையாட்டு வாளும் வெளியே வந்தன.

எல்லாமே மனதுக்கு இதமான செய்தி இல்லை. 2010இல் ஒரு படைக்குடியிருப்பின் தரைக்கடியில் ஏறத்தாழ 10 வயதுக் குழந்தையின் எலும்புக்கூடு கிடைத்தது. குடியிருப்புக்குள் பிணத்தைப் புதைக்க ரோமானியச் சட்டம் அனுமதிக்காது. ஆகவே யாருக்கும் தெரியாமல் மறைத்திருக்கிறார்கள். பல்லை ஆராய்ந்ததில் அந்தக் குழந்தை மத்தியதரைக்கடல் பகுதியில் வளர்ந்தது என்று தெரியவந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவரப்பட்டு, ஒரு மூலையில் குழி தோண்டிப் புதைக்கப்பட்டிருக்கிறது.

கடிதம் எழுதாதவர்கள்

இந்தக் கடிதங்களைப் படிக்கும்போது வீரர்கள்மேல் ஒரு பாசம் வந்துவிடும். வரட்டும். ஆனால் அவர்கள் வேறொருவர் மண்ணில் உட்கார்ந்திருந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்த மண்ணின் மக்களைப் பற்றித் தகடுகளில் மிகக் குறைவாகவே பேச்சு வருகிறது. வரும் ஓர் இடத்தில் அவர்களுடைய சண்டை முறையை விவரித்துவிட்டு, பிரிட்டானியர் என்பதைச் சிறுமைப்படுத்தி, 'அற்பப் பயல்கள்' என்ற தொனியில் ஒரு சொல்லைப் போட்டிருக்கிறார் எழுதியவர். குடியேற்ற ஆட்சியைப் பார்த்த நம் பகுதி வரலாற்றில் இந்தத் தொனி புதிதில்லை. உள்ளூர் மக்கள் பதிலுக்கு இவர்களை என்ன சொல்லித் திட்டினார்கள்? அவர்கள் எழுதிவைக்கவில்லை. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டைப் பகுதியிலேயே உள்ளூர்ப் பாணி வட்டக் குடிசைகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றின் அடித்தளம்தான் அவர்கள் பக்கத்துச் சாட்சி.

இப்போது என்ன அவசரம்?

விண்டோலாண்டாவில் பாதிகூட இன்னும் தோண்டப்படவில்லை. 1970இல் தொடங்கிய விண்டோலாண்டா அறக்கட்டளை கோடைக்காலம்தோறும் தன்னார்வலர்களைக் கொண்டு அகழாய்வு செய்கிறது. இப்போது பொறுப்பில் இருப்பவர் எரிக்கின் பேரன் ஆண்ட்ரூ பர்லி. மூன்று தலைமுறையாக ஒரே நிலத்தைத் தோண்டும் குடும்பம்.

பொதுவாகத் தொல்லியலில் அவசரம் கூடாது. ஒருமுறை தோண்டிய இடத்தை மறுபடி தோண்ட முடியாது. நாளைக்கு இன்னும் நல்ல கருவிகள் வரும். அகச்சிவப்புப் படம் இல்லாத காலத்தில் இந்தத் தகடுகள் கிடைத்திருந்தால் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். அதனால் ஒரு பகுதியை அடுத்த தலைமுறைக்கு விட்டுவைப்பது நல்ல வழக்கம்.

சிக்கல் என்னவென்றால், இந்த இடம் காத்திருக்குமா என்பது இப்போது கேள்வியாகிவிட்டது. இத்தனை காலம் எல்லாவற்றையும் காப்பாற்றியது ஈரம். பருவநிலை மாறி, நீண்ட வறட்சியும் திடீர்க் கனமழையும் மாறி மாறி வந்தால் மண்ணின் ஈரம் குறையும், இடுக்குகளில் காற்று புகும். அன்றைக்கு நின்றுபோன நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடும். கல் தாங்கும், பானை தாங்கும். செருப்பும் கடிதமும் தாங்காது. அதிலும் மோசம், மண்ணுக்குள் அழிவது வெளியே தெரியாது.

விண்டோலாண்டாவுக்கு மேற்கே சில கிலோமீட்டர் தூரத்தில் மேக்னா என்று இன்னொரு கோட்டை. அங்கே சதுப்பு நிலம் காய்ந்து, தரை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது. அறக்கட்டளை 2023இல் அங்கே ஐந்தாண்டு அகழாய்வைத் தொடங்கியது. மண்ணுக்குள் உணர்கருவிகளைப் பதித்து, ஈரம் எப்படி மாறுகிறது என்று கண்காணிக்கிறார்கள். எந்தப் பகுதியை முதலில் தோண்ட வேண்டும், எதை இன்னும் விட்டுவைக்கலாம் என்று முடிவு செய்ய அந்த அளவீடுகள் தேவை.

2025இல் மேக்னாவின் ஒரு பள்ளத்தில் காலணிகள் கிடைத்தன. சில 30 சென்டிமீட்டருக்கும் மேல் நீளம், விண்டோலாண்டாவில் வழக்கமாகக் கிடைப்பதைவிட ரொம்பப் பெரியவை. அங்கே இருந்தவர்கள் வேறு ஊர்க்காரர்களா, குளிருக்காகக் காலுறைமேல் காலுறை போட்டார்களா என்று ஆய்வாளர்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். தோண்டும் வேலையும் நடந்துகொண்டிருக்கிறது.